முருங்கைக்கீரைக்குக் கம்ப்யூட்டர் போட்ட மார்க்

முருங்கைக்கீரையில் உள்ள ருட்டின் என்ற சேர்மம் கொரோனா வைரஸை முடக்கும் என்று கம்ப்யூட்டரிலேயே நிரூபித்துவிட்டார்களாமே, இன்னும் ஏன் மாத்திரையாக வரவில்லை என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். மூலிகையின் பெயரை மாற்றினால் இதே கேள்வி நிலவேம்புக்கும் மஞ்சளுக்கும் பொருந்தும். 2020இல் அப்படி வந்து குவிந்தன ஆய்வறிக்கைகள்.

கொரோனா வைரஸ் தன் புரதங்களில் பலவற்றை ஒரே நீளச் சங்கிலியாகச் செய்யவைத்து, அப்புறம் வெட்டிப் பிரித்துக்கொள்கிறது. பெரும்பாலான வெட்டுகளைச் செய்வது 306 அமினோ அமிலங்கள் கொண்ட 'முதன்மை புரோட்டியேஸ்' என்ற நொதி. அதன் குழியில் 145ஆம் இடத்துச் சிஸ்டீனும் 41ஆம் இடத்து ஹிஸ்டிடினும் சேர்ந்து வெட்டுகின்றன. குழியை அடைத்தால் வைரஸ் பெருகாது. இந்த நொதியின் முப்பரிமாண வடிவம் 2020 பிப்ரவரி தொடக்கத்திலேயே புரதத் தரவு வங்கியில் வெளியாகிவிட்டது. சென்னை கணித அறிவியல் நிறுவனம் உருவாக்கிய 'இம்பாட்' தளத்தில் இந்திய மூலிகைகளின் சேர்மங்கள் 9,500க்கு மேல் தயாராக இருந்தன. ஒரு சேர்மம் புரதக் குழியில் எவ்வளவு பொருந்தும் என்று கணிக்கும் 'ஆட்டோடாக் வினா' இலவச மென்பொருள். ஊரடங்கில் ஆய்வகம் பூட்டிக் கிடந்தாலும் ஒரு லேப்டாப் போதும்.

மென்பொருள் என்ன செய்கிறது? சேர்மத்தைக் குழிக்குள் போட்டு, திருப்பி, அதன் பிணைப்புகளை முறுக்கி, ஆயிரக்கணக்கான நிலைகளில் உட்காரவைத்துப் பார்க்கிறது. ஒவ்வொரு நிலைக்கும் ஒரு மார்க். நெருங்கி உட்கார்ந்தால் கூடும், அணுக்கள் முட்டிக்கொண்டால் குறையும், ஹைட்ரஜன் பிணைப்பு கிடைத்தால் கூடும். ருட்டினில் பத்து ஹைட்ராக்சில் தொகுதிகள். ஆளும் பெரிது. எந்தக் குழியில் போட்டாலும் நாலு பக்கமும் எதையாவது பிடித்துக்கொள்ளும். பட்டியலில் முதலில் வராமல் என்ன செய்யும்?

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் வருகிறது: தண்ணீர். உடலுக்குள் ருட்டின் தனியாக மிதப்பதில்லை. அந்தப் பத்துத் தொகுதிகளும் ஏற்கெனவே நீர் மூலக்கூறுகளோடு ஹைட்ரஜன் பிணைப்பில்தான் இருக்கின்றன. குழியும் காலியாக இல்லை, அங்கேயும் தண்ணீர். உள்ளே நுழைய வேண்டுமானால் இரு பக்கமும் பழைய பிணைப்புகள் அறுபட வேண்டும், அதற்கு ஆற்றல் செலவாகும். புதிதாகக் கிடைக்கும் பிணைப்பு அந்தச் செலவைப் பெரும்பாலும் ஈடுகட்டும், அவ்வளவுதான். குழிக்குள் போயும் ஜோடி கிடைக்காத தொகுதி ஒவ்வொன்றும் சுத்த நஷ்டம். மாறாக, எண்ணெய்த்தன்மையுள்ள மூலையில் சரியான பிணைப்பின்றி அடைபட்டிருக்கும் நீரை ஒரு சேர்மம் வெளியேற்றினால், அந்த நீர் வெளியே போய்த் தன் கூட்டத்தோடு சேர்ந்துகொள்ளும். லாபம் அங்கே! நல்ல மருந்துகள் பலவற்றின் பிடி இப்படி வருவதுதான். வினா போன்ற வேகமான மென்பொருள்கள் நீரை மூலக்கூறு மூலக்கூறாகக் கணக்கில் எடுப்பதில்லை. செலவை விட்டுவிட்டு மொய் நோட்டை மட்டும் கூட்டிப் பார்த்துக் கல்யாணத்தில் லாபம் என்பதுபோல ஆகிவிடுகிறது.

இன்னொன்று. வினாவை உருவாக்கியவர்களே 2010இல் அதன் திட்டப்பிழை, அதாவது கணிப்பு வழக்கமாகத் தவறும் அளவு, சுமார் 2.85 கிலோகலோரி என்று எழுதியிருக்கிறார்கள். அறை வெப்பநிலையில் 1.4 கிலோகலோரி வித்தியாசம் என்றாலே பிடிமானம் பத்து மடங்கு மாறும். அப்படியானால் 2.85 என்பது நூறு மடங்குக்கும் மேல். வினாவின் மார்க் இதே கிலோகலோரியில் மைனஸாக வரும், மைனஸ் எண் பெரிதானால் பிடி உறுதி என்று பொருள். இவ்வளவு பிழையை வைத்துக்கொண்டு மைனஸ் 9.1 எடுத்த மூலிகை மைனஸ் 8.7 எடுத்ததை வென்றுவிட்டது என்று எழுதுவதற்குத் தைரியம் வேண்டும்.

ருட்டின் வாய்வழியாகப் போனால் பெருங்குடல் பாக்டீரியாக்கள் அதன் சர்க்கரைப் பகுதியை வெட்டிவிடும். கம்ப்யூட்டர் குழிக்குள் உட்காரவைத்த மூலக்கூறு ரத்தத்துக்கு முழுசாகப் போய்ச் சேருவதே அபூர்வம்.

சரி, முறையே வீண் என்று சொல்லவில்லை. ஜப்பானின் ஷியோனோகி நிறுவனம் இதே புரோட்டியேஸுக்குக் கம்ப்யூட்டரில் சலித்து, சலித்ததை ஆய்வகத்தில் சோதித்து, தேறியதன் வடிவத்தை மாற்றி மாற்றிச் செதுக்கித்தான் என்சிட்ரெல்விர் மாத்திரையை உருவாக்கியது. 2022 நவம்பரில் அங்கே அவசர அனுமதி கிடைத்தது. நம் ஊரில் சலிப்பதோடு கட்டுரை முடிந்துவிடுகிறது. நொதியையும் சேர்மத்தையும் வாங்கிக் குழாயில் கலந்து பார்க்கக் கல்லூரி ஆசிரியர்களுக்குப் பணம் இல்லை என்பது உண்மைதான். அதைக் கொடுக்காமல் கட்டுரைகளின் எண்ணிக்கைக்கு மட்டும் மதிப்பெண் போடும் ஏற்பாட்டைத்தான் நான் முதலில் குறை சொல்வேன். முருங்கைக்கீரையைப் பொரியலாகவே சாப்பிடுங்கள்.