அரைப் பக்கத் தாள்

முப்பது வருடம் பதிப்பகங்களில் வேலை பார்த்துவிட்டேன். புதிதாக எழுத வருகிறவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது அட்டையைப் பற்றித்தான். ஓவியமா, புகைப்படமா, தலைப்பு எந்த நிறத்தில் என்று. ஒப்பந்தத்தைப் பற்றிக் கேட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

2019-இல் மறைந்த எழுத்தாளர் ஒருவரின் மகன் பார்க்க வந்தார். அப்பாவின் நாவலை மறுபதிப்பு செய்ய ஒரு பதிப்பகம் கேட்கிறது, பழைய பதிப்பாளரோ "உரிமை எங்களுடையது" என்கிறார். கையில் 2006-இல் எழுதிய அரைப் பக்கத் தாள். ரூ. 5,000 பெற்றுக்கொண்டு முழு உரிமையையும் தருவதாக ஒரே வாக்கியம். கீழே அப்பாவின் கையெழுத்து. எத்தனை வருடத்துக்கு என்று எங்கும் இல்லை.

அந்த விடுபடல்தான் அவரைக் காப்பாற்றியது. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆவது பிரிவுப்படி, காலம் குறிப்பிடாமல் எழுதிக் கொடுத்தால் ஐந்து வருடம் என்றே கணக்கு. இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். ஆக, 2011-லேயே உரிமை திரும்பிவிட்டது. (1994 திருத்தம் நடைமுறைக்கு வருவதற்கு முந்தைய தாள்களுக்கு இது செல்லாது. அப்படி ஒன்று வீட்டில் இருந்தால் வக்கீலிடம் காட்டுங்கள்.)

'நிரந்தரமாக' என்று ஒரு சொல் சேர்ந்திருந்தால் கதையே வேறு. எழுதியவர் மறைந்து அறுபது வருடம் வரை பதிப்புரிமை உண்டு. அத்தனையும் ஐயாயிரத்துக்குப் போயிருக்கும். இதில் நான் யோக்கியன் இல்லை. முதல் வேலையில் இப்படிப்பட்ட தாள்களை நானே தட்டச்சு செய்திருக்கிறேன். புத்தகம் வருகிறதே என்ற சந்தோஷத்தில் யாரும் படித்துக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

சரி, என்ன பார்க்க வேண்டும்? முதலில் காலம். மூன்று வருடமோ ஐந்து வருடமோ, எண்ணில் எழுதச் சொல்லுங்கள். 'அச்சில் இல்லாவிட்டால் உரிமை திரும்பும்' என்ற வரியை மட்டும் நம்ப வேண்டாம். 1,200 பிரதி அடித்த காலத்தில் அதற்கு அர்த்தம் இருந்தது. இப்போது பிரிண்ட் ஆன் டிமாண்டில், அதாவது தேவைப்படும்போது தேவையான அளவு மட்டும் அச்சிடும் முறையில், இருபது பிரதி அடித்து வைத்துக்கொண்டு 'அச்சில் இருக்கிறது' என்று சொல்லிவிடலாம். அப்புறம், எந்த வடிவம் என்பது. அச்சுக்குக் கொடுத்தால் அச்சுக்கு மட்டும். மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, சினிமா எல்லாம் தனித்தனிப் பேச்சு.

ராயல்டி, அதாவது விற்கிற பிரதிக்கு எழுத்தாளருக்கு வரும் பங்கு, பத்து சதவீதம் என்றால் எதில் பத்து என்று கேளுங்கள். ரூ. 200 விலையுள்ள புத்தகத்தில் அச்சிட்ட விலைக்குப் பத்து சதவீதம் என்றால் ரூ. 20. கடைக்காரருக்கு நாற்பது சதவீதக் கழிவு போக மிஞ்சுகிற தொகையில் என்றால் ரூ. 12. ஒப்பந்தத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் ஒரே சொல்தான்.

பணம் கட்டிப் புத்தகம் போடுகிறவர்களுக்கு ஒன்று. புத்தகத்தை அடையாளம் காட்டும் ஐஎஸ்பிஎன் (ISBN) எண்ணுக்கென்று தனியாகக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள். மத்திய கல்வி அமைச்சகத்தின் கீழுள்ள ராஜா ராம்மோகன் ராய் முகமை அதை இலவசமாகவே தருகிறது, ஆசிரியரே விண்ணப்பிக்கலாம்.

இன்னொன்று, யாரும் யோசிக்காதது: மெய்ப்பு (பிழை திருத்தம்) முடிந்த கணினிக் கோப்பை, எந்தக் கணினியிலும் படிக்க முடிகிற யூனிகோடு எழுத்தில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்த மகனுக்கு உரிமை கிடைத்தது, கோப்பு கிடைக்கவில்லை. வீட்டிலிருந்த ஒரே பிரதியை வைத்து முந்நூறு பக்கத்தையும் திரும்பத் தட்டச்சு செய்தார்கள். மெய்ப்பு என்னிடம்தான் வந்தது. பிரதியின் ஓரங்களில் அப்பா பென்சிலால் திருத்தங்கள் போட்டு வைத்திருந்தார். அடுத்த பதிப்புக்கு என்று நினைத்துப் போட்டிருப்பார்போல. அவை இந்தப் பதிப்பில் ஏறின.