வெளிநாட்டுப் போனில் உள்ளூர் சிம் ஏன் வேலை செய்வதில்லை?

ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருக்கும் உறவினர் பாவித்துவிட்டு அனுப்பிய போன். கிளிநொச்சியிலோ புதுக்குடியிருப்பிலோ உள்ளூர் சிம்மைப் போட்டால், சிம் செல்லுபடியாகாது என்று திரை சொல்கிறது. அல்லது திறப்புக் குறியீடு கேட்கிறது. வைபை, கமரா எல்லாம் வேலை செய்யும். கதைக்க மட்டும் முடியாது.

காரணம், போனை விற்ற நிறுவனம் தன் சிம்மை மட்டும் ஏற்கும்படி அதை லொக் செய்திருப்பது. அந்த லொக் பார்ப்பது சிம்முக்குள் இருக்கும் ஐ.எம்.எஸ்.ஐ. என்ற அடையாள இலக்கத்தை. அதன் முதல் மூன்று இலக்கங்கள் நாட்டைக் குறிப்பவை: இலங்கை 413, கனடா 302. அடுத்த இரண்டு அல்லது மூன்று இலக்கங்கள் நிறுவனத்துக்கு உரியவை: டயலொக் 02, மொபிட்டல் 01, கனடாவின் றொஜர்ஸ் 720. லொக் செய்த போனில், கோபுரத்தோடு தொடர்புகொள்ளும் பகுதியான மோடம், சிம்மை வாசித்ததும் இந்த முன்பகுதியைத் தன்னிடமுள்ள பட்டியலோடு ஒப்பிடும். 302 720 மட்டும் அனுமதிக்கப்பட்ட போனில் 413 02 வந்தால், அவசர அழைப்பைத் தவிர வேறெதற்கும் கோபுரத்தோடு இணைய விடாது. இந்தப் பட்டியல் மோடத்தின் பாதுகாக்கப்பட்ட பகுதியில் இருப்பதால், போனை முழுதாக அழித்து ரீசெற் செய்தாலும் லொக் போகாது.

அன்ட்ரொய்ட் போன்கள் பலவற்றில் லொக்கைத் திறப்பது 8 முதல் 16 இலக்கம் வரையான ஒரு குறியீடு. போனுக்குப் போன் அது வேறு. சும்மா ஒன்றை அடித்துப் பார்ப்போம் என்று கடையில் விடவே கூடாது. பிழையான முயற்சிகளைப் போன் எண்ணிக்கொண்டே இருக்கும். மாடலைப் பொறுத்த அந்த எல்லையைத் தாண்டிவிட்டால், பிறகு சரியான குறியீட்டைக் கொடுத்தாலும் ஏற்காது. ஐபோனுக்குக் குறியீடே கிடையாது. விற்ற நிறுவனம் அப்பிளின் சேவையகத்தில் அந்தப் போனுக்கே உரிய ஐ.எம்.ஈ.ஐ. என்ற அடையாள இலக்கத்தை விடுவிக்க வேண்டும். அதன்பின் வேறு சிம்மைப் போட்டு வைபையில் இணைத்தால் போன் தானாகத் திறக்கும்.

ஆகவே திறப்பு, போனை விற்ற நிறுவனத்தின் கையில்தான் இருக்கிறது. அதை வாங்கும் உரிமையைத் தருவது போன் விற்கப்பட்ட நாட்டின் சட்டம். கனடாவில் 2017 டிசம்பர் 1 முதல் போன்களை லொக் இல்லாமல்தான் விற்க வேண்டும்; பழைய போனையும் கேட்டால் இலவசமாகத் திறந்து கொடுக்க வேண்டும். பிரித்தானியாவில் லொக் செய்த போன் விற்பனை 2021 டிசம்பரில் தடைசெய்யப்பட்டது. அதற்கு முன் வாங்கியவை இன்னும் லொக்கோடு இருக்கலாம்.

அமெரிக்காவின் கதை சிக்கலானது. 1998இன் டிஜிட்டல் மிலேனியம் பதிப்புரிமைச் சட்டம், மென்பொருளைக் காக்கும் பூட்டை உடைப்பதைத் தடைசெய்தது. போன் லொக்கும் அதற்குள் மாட்டுப்பட்டது. 2006இலும் 2010இலும் விதிவிலக்குக் கிடைத்தது. ஆனால் 2013 ஜனவரி 26 முதல், புதிதாக வாங்கிய போனை நிறுவனத்தின் அனுமதியின்றித் திறப்பது சட்டவிரோதமானது. காசு கொடுத்து வாங்கிய பொருளைப் பாவிப்பதற்குப் பதிப்புரிமைச் சட்டம் குறுக்கே நின்றது அநியாயம் என்றே சொல்ல வேண்டும். இதை மாற்றக் கேட்கும் மனுவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒப்பமிட்டார்கள். 2014 ஓகஸ்ட் 1இல் ஒபாமா கையொப்பமிட்ட சட்டம் உரிமையாளருக்கும், அவர் கேட்டுக்கொள்ளும் ஒருவருக்கும் திறக்கும் உரிமையை மீட்டுக் கொடுத்தது. ஆனால் நிறுவனம் குறியீட்டைக் கொடுத்தே ஆகவேண்டும் என்று அது சொல்லவில்லை. தவணைக் காசு முடியவேண்டும், இத்தனை நாள் பாவித்திருக்கவேண்டும் என்ற நிபந்தனைகள் அங்கே தொடர்வது அதனால்தான்.

எனவே போன் பார்சலில் ஏறுவதற்கு முன்பே வேலையை முடிப்பது நல்லது. அனுப்புபவர் *#06# அடித்து 15 இலக்க ஐ.எம்.ஈ.ஐ.யைக் குறித்து, தன் கணக்கிலிருந்து நிறுவனத்திடம் அன்லொக் கேட்கவேண்டும். கணக்குக்காரர் கேட்டால் எளிதாக முடியும் காரியம், வவுனியாவிலிருந்து நாங்கள் கேட்டால் பெரும்பாலும் நடக்காது. ஐபோன் என்றால் செற்றிங்ஸில் ஜெனரல், அபவுட் என்று போய் கரியர் லொக் வரியில் சிம் கட்டுப்பாடு இல்லை என்று வருகிறதா எனப் பார்க்கவேண்டும். அதோடு ஐகிளவுட், கூகுள் கணக்குகளிலிருந்தும் வெளியேறச் சொல்லுங்கள். அவை வேறு லொக்குகள். சிம் லொக் திறந்தாலும் அவை திறக்காது.

சிம்மோடு ஒட்டிவைக்கும் மெல்லிய சிப் ஒன்றும் கடைகளில் கிடைக்கும். அது மோடத்துக்குப் பொய்யான ஐ.எம்.எஸ்.ஐ.யைக் காட்டி ஏமாற்றும். மென்பொருள் அப்டேற் ஒன்றோடு அது செயலிழந்துவிடக்கூடும். ஐ.எம்.ஈ.ஐ.யையே மாற்றித் தருவதாகச் சொன்னால் உடனே போனைத் திருப்பி வாங்கிவிடுங்கள். பிரித்தானியாவில் 2002ஆம் ஆண்டுச் சட்டப்படி அதற்கு ஐந்து ஆண்டு வரை சிறை.

திறந்த போனுக்கும் இங்கே ஒரு சோதனை மீதமுண்டு. ஐ.எம்.ஈ.ஐ. என்ற சொல்லை ஆங்கிலத்தில் எழுதி, ஓர் இடைவெளி விட்டு, 15 இலக்கங்களையும் சேர்த்து 1909க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினால், அது தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதிவானதா என்று பதில் வரும். பாவித்த போனைக் கடையில் வாங்குகிறவர்கள், காசைக் கொடுக்கும் முன்னரே இதை அனுப்பிப் பார்த்து, தங்கள் சிம்மைப் போட்டு ஓர் அழைப்பும் எடுத்துப் பார்க்கவேண்டும்.