ஓடும் காட்சியில் சுவர் ஏன் மினுக்குகிறது?

முப்பரிமாண மென்பொருளில் ஒற்றைப் படமாக ரெண்டர் செய்யும்போது (கணினி படத்தைக் கணக்கிட்டு வரையும்போது) குறையே தெரியாத அறையில், அனிமேஷனாக ஓடவிட்டதும் மூலைமுடுக்கெல்லாம் மங்கலான திட்டுகள் தோன்றி மறைகின்றன. சாம்பிள்களை, அதாவது ஒளியைச் சோதிக்கும் கதிர்களின் எண்ணிக்கையை, ஏற்றிக்கொண்டே போனால் ரெண்டர் நேரம்தான் எகிறுகிறது, மினுக்கல் முழுதாகப் போவதில்லை.

சுவரிலும் தரையிலும் பட்டுத் தெறித்து வரும் ஒளியைக் கணக்கிடுவதுதான் குளோபல் இல்லுமினேஷன், அதாவது ஜிஐ. எல்லாத் திசையிலும் கதிர்விட்டுப் பார்க்க முடியாது. சில கதிர்களை வைத்து மீதியை ஊகிக்க வேண்டியிருப்பதால் பிழை எப்போதும் உண்டு. அந்தப் பிழை அசையாமல் இருந்தால் கண் அதைச் சட்டை செய்யாது. ஃபிரேமுக்கு ஃபிரேம் இடம் மாறினால்தான் மினுக்கல்.

ரெண்டர் மென்பொருளான வி-ரேயில், சில புள்ளிகளில் மட்டும் தெறிப்பொளியைக் கணக்கிட்டுச் சேமிக்கும் இர்ரேடியன்ஸ் மேப் முறையில் இது பளிச்சென்று தெரியும். 1988-இல் கிரெக் வார்டும் சகாக்களும் முன்வைத்த உத்தி அதன் அடிப்படை: சமதளத்தில் தெறிப்பொளி மெதுவாகவே மாறும் என்பதால் அங்கே புள்ளிகள் அரிதாக, மூலைகளில் நெருக்கமாக, இடைவெளிகள் எல்லாம் ஊகம். புள்ளிகளைக் கேமரா பார்வையிலிருந்து தேர்ந்தெடுப்பதால், கேமரா ஒரு விரற்கடை நகர்ந்தாலும் அடுத்த ஃபிரேமில் அவை வேறிடத்தில் விழும். அவற்றுக்கிடையே இருந்த திட்டும் உருமாறும்.

கேமரா மட்டும் நகரும் காட்சி என்றால் வேலை சுலபம். பலமுறை தெறிக்கும் ஒளியைத் தோராயமாகச் சேமிக்கும் லைட் கேஷை, கேமரா போகும் பாதை முழுவதற்கும் சேர்த்துக் கணக்கிடும் ஃபிளை-த்ரூ முறையில் ஒரே தடவை கணக்கிட்டுச் சேமியுங்கள். இர்ரேடியன்ஸ் மேப்பை, ஒரே மேப்பில் ஃபிரேம்தோறும் புள்ளிகளைச் சேர்த்துக்கொண்டே போகும் மல்ட்டிஃபிரேம் இன்கிரிமென்டல் முறையில் வைத்து, இறுதிப் படம் ரெண்டர் ஆகாதபடி அணைத்து, 10 ஃபிரேமுக்கு ஒன்றாக ஓட்டுங்கள். 0 முதல் 240 வரை 25 ஃபிரேம்கள் போதும். அவற்றிலும் புதிதாகக் கண்ணில் படும் பகுதிக்கு மட்டுமே புள்ளிகள் சேரும் என்பதால் போகப்போக வேகம் கூடும். கேமரா சட்டென்று திரும்பும் இடங்களில் 5-க்கு ஒன்றாகக் குறையுங்கள். பிறகு சேமித்த கோப்பிலிருந்து முழுவதையும் ரெண்டர் செய்யலாம். திட்டு மிஞ்சினாலும் சுவரோடு ஒட்டிக் கிடக்கும், மினுக்காது.

இதே வழியைப் பொருள்கள் அசையும் காட்சிக்கு எடுத்தால் கதை கந்தல். நாற்காலி நகர்ந்த பின்னும் அதன் நிழல் பழைய இடத்திலேயே படிந்து நிற்கும். இங்கே அனிமேஷன் பிரீபாஸ் முறையில் ஃபிரேமுக்கு ஒரு மேப் எழுத வேண்டும். அடுத்து அனிமேஷன் ரெண்டரிங் முறை, முன்னும் பின்னும் உள்ள மேப்களைக் கலந்து திட்டுகளைக் கரைக்கும். ஒரு பக்கத்துக்கு எத்தனை மேப் என்று சொல்லும் கலவை எண் 2 என்றால், நடப்பு ஃபிரேமின் மேப்போடு சேர்த்து மொத்தம் 5 மேப்கள். ஆகவே பிரீபாஸைத் தொடக்கத்திலும் முடிவிலும் இரண்டிரண்டு ஃபிரேம் கூடுதலாக ஓட்டிவிடுங்கள். எண்ணை மிகவும் ஏற்றினால், வேகமாக ஓடும் பொருளின் பின்னே தெறிப்பொளி இழுபடும்.

இலைகளும் மெல்லிய கம்பிகளும் நிறைந்த காட்சியில் இர்ரேடியன்ஸ் மேப்போடு மல்லுக்கட்டுவது வீண். முதன்மை ஜிஐ முறையாக புரூட் ஃபோர்ஸ் (இடைவெளிகளை ஊகிக்காமல் ஒவ்வொரு புள்ளியிலும் நேரடியாகக் கதிர்விடும் முறை), துணையாக லைட் கேஷ் வையுங்கள்; லைட் கேஷின் அனிமேஷன் பிரிசெட்டில், அதாவது ஆயத்த அமைப்பில், கதிர்களின் அளவைக் குறிக்கும் சப்டிவ்ஸ் 3000, லைட் கேஷ் பிழை தரும் மூலைகளைத் திருத்தும் ரீட்ரேஸ் 8. பிழை இப்போது திட்டாக அல்ல, நுண்ணிய மணல் போன்ற நாய்ஸாக வரும். அதைப் பாதியாக்க நான்கு மடங்கு சாம்பிள் வேண்டும் என்பதால், ஓரளவோடு நிறுத்தி மீதியை நாய்ஸை வழித்தெடுக்கும் டீநாய்சரிடம் விடுவதே லாபம். ஆனால் நாய்ஸ் அதிகமாக இருக்கும்போது ஒவ்வொரு ஃபிரேமையும் தனித்தனியாக டீநாய்ஸ் செய்தால் மணல் திரண்டு மறுபடியும் திட்டாகும். பக்கத்து ஃபிரேம்களையும் பார்த்து வேலை செய்யும் டீநாய்சர் இருந்தால் அதையே எடுங்கள். பிளெண்டர் மென்பொருளின் சைக்கிள்ஸ் ரெண்டரரில் தனிப்புள்ளிகள் மிகப் பிரகாசமாக வெடித்துத் தெரிந்தால், தெறிப்பொளியின் உச்ச வரம்பான கிளாம்ப் இன்டைரக்ட் மதிப்பை இறக்கிப் பாருங்கள். தெறிப்பொளி சற்று மங்கும், அவ்வளவுதான்.

எதையும் மாற்றுவதற்கு முன் ஜிஐ பாஸை, அதாவது தெறிப்பொளி மட்டும் உள்ள படத்தை, தனியாக எடுத்து ஓட்டிப் பாருங்கள். அதில் மினுக்கல் இல்லையென்றால் குற்றவாளி ஜிஐ அல்ல. தூரத்து ஓடுகள், வலைக்கம்பிகள், பொடிக்கோடு போட்ட டெக்ஸ்ச்சர் ஆகியவை ஆன்ட்டி-அலியாசிங் (விளிம்புகளை மென்மையாக்கும் வேலை) போதாமல் நடுங்கும். கேட்மல்-ரோம் போன்ற கூர்மையாக்கும் ஃபில்டர் அதை இன்னும் கிளறிவிடும். அவ்வளவு கூர்மையாக்காத ஏரியா ஃபில்டருக்கு மாற்றினாலே பெரும்பாலும் அடங்கிவிடும்.