இரத்தம் சொட்டும் எழுத்து முதிர்ச்சி ஆகாது, தம்பிமாரே

சென்ற கிழமை புதுக்குடியிருப்புப் பக்கமிருந்து ஒரு தம்பி மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு கிளிநொச்சிக்கு வந்தார். இரண்டு நண்பர்களுடன் சேர்ந்து இரண்டு ஆண்டுகளாகச் செய்துவரும் பிக்சல் விளையாட்டுக்கு, அதாவது சிறுசிறு சதுரப் புள்ளிகளால் படம் வரைந்த கணினி விளையாட்டுக்கு, கிக்ஸ்டார்ட்டர் என்ற இணையத் தளத்தில் பொதுமக்களிடம் நிதி திரட்டப் போகிறார்களாம். அந்தப் பக்கத்தைத் திருத்தித் தரவேண்டும் என்றார். என் தொழில் அதுதான். திறந்து பார்த்தேன். கறுப்புப் பின்னணி. தலைப்பு எழுத்துகளிலிருந்து இரத்தம் வழிகிறது. அதன் கீழே மண்டையோடு. அதற்கும் கீழே, "இது சிறுவர்களுக்கான விளையாட்டு அல்ல!!!" இந்த ஆண்டில் என் மேசைக்கு வந்த நான்காவது இரத்தத் தலைப்பு இது.

பிறகு விளையாட்டைத் திறந்தேன். மீள்குடியேற்றத்தில் தன் காணிக்குத் திரும்புகிறார் ஓர் அம்மம்மா. வீடு இல்லை, அத்திவாரம் இருக்கிறது. கிணற்றைத் தேடிப் போகிறார். கிணற்றுக்குச் சற்று முன்னால் மிதிவெடி எச்சரிக்கைப் பலகை நிற்கிறது, பதினாறு பிக்சல் உயரத்தில், சிவப்பாக. அதைத் தாண்டி அவரை நடத்த முடியாது. எந்த விசையை அழுத்தினாலும் அம்மம்மா அங்கேயே நின்று, வெறும் வாளியை ஒரு கையிலிருந்து மற்றக் கைக்கு மாற்றிக்கொள்கிறார். எனக்குச் சிறிது நேரம் பேச்சு வரவில்லை.

"இந்தக் காட்சி உங்கள் பக்கத்தில் எங்கே இருக்கிறது?" என்று கேட்டேன்.

"அதில் ஒன்றும் நடக்கவில்லையே, அக்கா. பிக்சல் என்றாலே சின்னப்பிள்ளை விளையாட்டு என்று நினைத்துவிடுவார்கள். அதற்காகத்தான் இரத்தம் போட்டோம்."

இந்த எண்ணத்தோடுதான் எனக்குத் தீராத சண்டை. பிக்சல் ஓவியத்துக்குச் சிறுபிள்ளைத்தனம் என்ற பெயர் எப்படி வந்தது? அன்றைய இயந்திரங்களால் அவ்வளவுதான் வரைய முடிந்தது. அவற்றின் முன் உட்கார்ந்திருந்தவர்கள் பிள்ளைகள். கட்டம் கட்டமான அந்தப் படங்களில் இயல்பாகவே பிள்ளைத்தனம் எதுவும் இல்லை. வயது வரம்பு வேறு, தொனி வேறு. விளையாட்டுகளுக்கு வயது வரம்பு குறிக்கும் ஐரோப்பாவின் பெகி முறையில் 3, 7, 12, 16, 18 என்று ஐந்து படிகள் உண்டு. 18 என்ற முத்திரை விளையாட்டுக்குள் என்ன காட்டப்படுகிறது என்பதைச் சொல்லும். செய்தவரின் மனம் பக்குவப்பட்டதா என்று அது சொல்லாது. இரத்தத்தை ஆவலோடு தேடுபவன் பதின்மூன்று வயதுப் பையன். நீங்கள் கூப்பிட நினைத்த நாற்பது வயதுக்காரர் அந்தத் தலைப்பைப் பார்த்ததும் பக்கத்தை மூடிவிடுகிறார்.

2013இல் வெளிவந்த 'பேப்பர்ஸ், ப்ளீஸ்' விளையாட்டைப் பாருங்கள். பிக்சல் முகங்கள், மங்கிய நிறங்கள், ஓர் எல்லைச் சாவடி. குண்டுவெடிப்பும் அதில் உண்டு. ஆனால் நினைவில் தங்குவது கடவுச்சீட்டில் விழும் முத்திரையும், வேலை முடிந்தபின் உணவுக்கா, வெப்பமூட்டலுக்கா என்று எண்ணிப் பார்க்கும் சம்பளமும்தான். அடுத்த ஆண்டே அதற்குப் பிரித்தானியாவின் பாஃப்டா விருது கிடைத்தது. நான்கு பிக்சலில் ஒரு முகத்தை வரைந்தால் மீதி முகத்தைப் பார்ப்பவர் தன் மனத்தால் வரைந்துகொள்கிறார். அந்த வேலையை அவரிடமே விடுங்கள்.

அதோடு, நாம் இருப்பது வன்னியில். இங்கே மண்டையோடு அலங்காரப் பொருள் அல்ல. 2009க்குப் பிறகு பாடசாலைக்குப் போகும் ஒற்றையடிப் பாதையில் மண்டையோடு வரைந்த மிதிவெடிப் பலகையைக் கண்டு விலகி நடந்த பிள்ளைகள்தாம் இன்று வளர்ந்து இந்த விளையாட்டுகளைச் செய்கிறார்கள். பலகை எவ்வளவு அமைதியாக நிற்கும் என்று அவர்களுக்குத் தெரியும். தெரிந்திருந்தும் பக்கம் எழுத உட்கார்ந்ததும் ஏன் கத்துகிறார்கள் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

உள்ளடக்க எச்சரிக்கை கட்டாயம் வேண்டும், ஆனால் சாதாரணக் குரலில். "இந்த விளையாட்டில் இடப்பெயர்வும் ஒரு குழந்தையின் மரணமும் வருகின்றன. உடல்கள் காட்டப்படுவதில்லை." இவ்வளவு போதும். அந்த நாட்களைக் கடந்து வந்த ஒருவர், விளையாடுவதா விடுவதா என்று இதை வைத்தே முடிவு செய்துகொள்வார்.

இன்னொன்றை மன்றாட்டமாகவே கேட்கிறேன். முதல் வரியை "போரால் பாதிக்கப்பட்ட மண்ணிலிருந்து" என்று தொடங்காதீர்கள். இறந்தவர்களின் உண்மையான படங்களை முன்னோட்டத்தில் போடாதீர்கள். அவர்களின் குடும்பங்கள் இன்னும் இங்கேதான் இருக்கின்றன. நீங்கள் கேட்பது பிச்சை இல்லை. ஒரு படைப்பை முன்கூட்டியே வாங்கச் சொல்கிறீர்கள். ஊரைப் பற்றி எழுதத்தான் வேண்டும். அது அம்மம்மாவின் கிணற்றுக்குள்ளேயே இருக்கிறது.

கைவேலையிலும் முதிர்ச்சி தெரியும். ஒரே படத்தில் மூன்று அளவுப் பிக்சல்கள் கலந்திருந்தால் தேர்ந்த கண் உடனே பிடித்துவிடும். 320க்கு 180 பிக்சல் என்று வரைந்ததை ஆறு மடங்கு பெருக்கினால் 1920க்கு 1080 சுத்தமாக வரும். ஐந்தரை மடங்கு பெருக்கிவிட்டுக் கோடுகள் ஏன் கலங்குகின்றன என்று என்னிடம் கேட்காதீர்கள். தமிழ் எழுத்துக்குத் தனி உயரம் ஒதுக்குங்கள். 8க்கு 8 கட்டத்தில் ஆங்கில எழுத்து உட்காரும்; 'ணூ' உட்காராது. நசுங்கிய எழுத்தில் வரும் துயரமான வசனம் வாசிப்பவரை எரிச்சல்படுத்தும்.

பணத்தைப் பற்றி எழுதும் இடத்தில்தான் நிதி தருபவர் உங்களை எடைபோடுகிறார். இலங்கையிலிருந்து கிக்ஸ்டார்ட்டரில் நேரடியாகத் தொடங்க முடியாது. ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருக்கும் மாமாவின் மகன் பெயரில் தொடங்குகிறீர்கள் என்றால் அதை வெளிப்படையாக எழுதுங்கள். இலக்கை எட்டாவிட்டால் ஒரு சதமும் வராது. எட்டினால் தளத்துக்கு 5 சதவீதமும் அட்டைக் கட்டணமும் போக மீதிதான் கைக்கு வரும். இதைக் கணக்கில் சேர்க்காமல் தொகை எழுதுபவர்கள் இன்னும் வருகிறார்கள்! 'அண்டர்டேல்' என்ற பிக்சல் விளையாட்டு 2013இல் அங்கே கேட்டது 5,000 டொலர், வந்தது 51,124. கேட்டது அளவான தொகை. விளையாடிப் பார்க்க ஒரு மாதிரியும் கொடுத்திருந்தார்கள். தம்பி எழுதியிருந்ததோ, "நாங்கள் எதற்கும் அஞ்சாதவர்கள், எந்தத் தடையும் எங்களை நிறுத்தாது." இடர்கள் என்ற பகுதியில் வீரவசனம் எதற்கு? "ஒலியமைப்பவர் பாடசாலை ஆசிரியர், பரீட்சைக் காலத்தில் வேலை நகராது. மாரியில் மின்சாரம் அடிக்கடி நின்றுபோகும். ஆகவே நான்கு மாதங்கள் கூடுதலாக வைத்திருக்கிறோம்" என்று மாற்றி எழுதினோம். தம்பி இரண்டு முறை வாசித்துவிட்டு, "இப்படி எழுதினால் நம்புவார்களா, அக்கா?" என்றார். நான் நம்பினேன் என்றேன்.

இப்போது அந்தப் பக்கம் கிணற்றடியில் தொடங்குகிறது. முன்னோட்டத்தின் முதல் சில விநாடிகளுக்கு இசை இல்லை, வாளியின் கைப்பிடிச் சத்தம் மட்டும். தலைப்புக்குச் சாதாரண எழுத்து.

அடுத்து வரப்போகிறவர்களுக்கு: நிதி திரட்டத் தொடங்கும் திகதியை அறிவித்துவிட்டு, இரண்டு நாட்கள் இருக்கும்போது ஓடி வராதீர்கள். இரண்டு மாதங்களுக்கு முன்னரே வாருங்கள். பக்கத்தைக் காட்டுவதற்கு முன் விளையாட்டைக் காட்டுங்கள்.