ஷஃபிள்போர்டுப் பலகையைச் சட்டத்தோடு இறுக்காதீர்கள்

நீண்ட மேசைப் பலகையில் எஃகு வில்லைகளைத் தள்ளிச் சறுக்கவிடும் ஆட்டம் ஷஃபிள்போர்டு. சென்ற வாரம் பழுதுபார்க்க வந்த ஒரு ஷஃபிள்போர்டு மேசையின் அடியில் மல்லாந்து படுத்து விளக்கடித்துப் பார்த்தபோது, ஆட்டப் பலகையை இரும்புச் சட்டத்தோடு சேர்த்து இரு ஓரங்களிலும் முடுக்கியிருந்த 22 திருகாணிகளை எண்ணினேன். மேற்புறத்தில், அருகருகே ஒட்டிப் பலகையாக்கிய நீள மரத் துண்டுகளான பட்டைகள் இரண்டுக்கு நடுவே முழங்கை நீளத்துக்கு ஒரு விரிசல் ஓடியிருந்தது. வில்லைகள் நடுவில் நில்லாமல் ஓரத்துக்கு ஓடுகின்றன என்பதே உரிமையாளரின் புகார். அதற்கு அவர் செய்து பார்த்த வைத்தியம், வில்லை வழுக்கிச் செல்லப் பலகையில் தூவும் பவுடர் இரண்டு டப்பா. இதே கோளாறோடு இந்த ஆண்டு என்னிடம் வந்த நான்காவது மேசை இது. நான்கையும் செய்தவர்கள் வெவ்வேறு தச்சர்கள் என்றாலும், பலகை அசையாமல் இருக்க வேண்டும் என்று நால்வரும் ஒரே காரணத்தைத்தான் சொன்னார்கள்.

பலகை அசையத்தான் செய்யும். மூன்று அங்குலக் கனமுள்ள மரம் அசையாது என்று நினைப்பவர்களுக்கும், எபாக்சி என்ற பிசின் பூச்சைப் பூசிவிட்டால் மரம் செத்துவிடும் என்று நம்புபவர்களுக்கும் இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. மரம் காற்றிலுள்ள ஈரத்தை வாங்கிக்கொண்டும் விட்டுக்கொண்டும் இருக்கும். அறைக் காற்றின் ஈரப்பதம் 30 சதவீதமாக இருக்கும் காலத்தில் மரத்தின் உள்ளீரம் 6 சதவீதத்தை ஒட்டியும், 65 சதவீதமாக உயரும் காலத்தில் 12 சதவீதத்தை ஒட்டியும் போய் நிற்கும். ஷஃபிள்போர்டுக்கு வழக்கமாகப் பயன்படும் கடின மேப்பிள் மரத்தில் செய்த, 20 அங்குல அகலமுள்ள பலகை இந்த வேறுபாட்டுக்கே அகலவாக்கில் ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் விரிந்து சுருங்கும். அதுவும் பட்டைகளை வளர்ச்சி வளையங்கள் ஆட்டப் பரப்புக்குச் செங்குத்தாக நிற்கும்படி திருப்பி ஒட்டியிருந்தால்தான். வளையங்கள் படுத்திருக்கும்படி ஒட்டியிருந்தால் அசைவு 10 மில்லிமீட்டரைத் தாண்டும். நீளவாக்கில் அசைவு கணக்கில் எடுக்கும் அளவுக்கு இராது. கனத்தைக் கூட்டினால் ஈரம் ஏறி இறங்க நாளாகும் என்பதைத் தவிர, இந்த அளவுகள் எதுவும் மாறுவதில்லை. வார்னிஷும் எபாக்சியும் அப்படியே. அவை ஈரம் புகும் வேகத்தைக் குறைக்குமே தவிர, வாசலை அடைப்பதில்லை. இப்படி அசையத் துடிக்கும் மரத்தை இரு ஓரமும் திருகாணியால் பிடித்துவைத்தால், வறண்ட காலத்தில் சுருங்க இடமில்லாமல் பிளக்கும், ஈரக் காலத்தில் விரிய இடமில்லாமல் மேலெழும்பும். 22 திருகாணிகளுக்குப் பதில் 40 போட்டிருந்தால் விரிசல் இன்னும் சீக்கிரம் வந்திருக்கும், அவ்வளவுதான்.

ஆகவே மேசையின் வடிவமைப்பில் முதல் திருத்தம் இங்கேதான் தொடங்க வேண்டும். பலகையைச் சட்டத்தின் குறுக்குத் தாங்கிகளின் மேல் உட்காரவையுங்கள். அகலத்தின் நடுக்கோட்டில் மட்டும் இறுகப் பிடியுங்கள். ஓரத்தில் போல்ட் தேவைப்பட்டால் வட்டத் துளைக்குப் பதிலாக அகலவாக்கில் நீண்ட துளை போட்டு, வாஷர் வைத்து, போல்ட் நகரும் அளவுக்கு விட்டுப் பூட்டுங்கள். ஒரு மணி நேரக் கூடுதல் வேலையைத் தவிர இதற்குச் செலவென்று எதுவும் இல்லை.

அடுத்தது அடிப்பரப்பு. மேற்பரப்புக்குக் கண்ணாடி போல் எபாக்சி ஊற்றிவிட்டு அடிப்பரப்பை வெறும் மரமாக விட்டிருப்பதை நான் பார்க்காத மாதமே இல்லை. ஈரம் பெரும்பாலும் அடிப்பக்கம் வழியாகவே போய்வருவதால், வறட்சியில் அடிப்பக்கம் சுருங்கி மேற்பரப்பு நடுவில் மேடாகிறது. அந்த மேட்டிலிருந்துதான் வில்லைகள் ஓரத்துக்குச் சறுக்குகின்றன. அடிப்பரப்புக்கும் இரண்டு பூச்சுக் கொடுத்தால் இந்த வளைவு வெகுவாகக் குறையும். ப்ளைவுட்டிலோ எம்டிஎஃப் பலகையிலோ செய்யும் சிறிய மேசைகளுக்கும் இதே விதி பொருந்தும்: மேலே மைக்கா ஒட்டினால் கீழேயும் ஒட்ட வேண்டும். அடியை யார் பார்க்கப் போகிறார்கள் என்று கேட்கும் தச்சரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

மிச்சமிருக்கும் வளைவைக் கையாளவே, பலகையின் அடியில் குறுக்காகச் சில இடங்களில் பருவநிலைச் சீராக்கிகள் பொருத்தப்படுகின்றன. இரு முனைகளும் பலகையின் ஓரங்களில் பூட்டப்பட்ட இந்த இரும்புத் தண்டின் நட்டை ஒரு பக்கம் திருகினால் ஓரங்கள் வெளியே தள்ளப்பட்டு நடுப்பகுதி தாழும். மறுபக்கம் திருகினால் ஓரங்கள் உள்ளிழுக்கப்பட்டு நடுப்பகுதி உயரும். தயவுசெய்து ஒரே நாளில் வளைவை எடுத்துவிட முயலாதீர்கள். கால் சுற்று திருகுங்கள், ஒரு நாளாவது பொறுங்கள், மட்டப்பலகையைக் குறுக்கே வைத்துப் பாருங்கள், பிறகு அடுத்த கால் சுற்று. பொறுமையிழந்து ஒரே மூச்சில் முழுச் சுற்றாகத் திருகிப் பட்டைகளின் ஒட்டைப் பிரித்தவர்களும் என் வாடிக்கையாளர்களில் உண்டு.

பலகை துளியும் வளைவின்றி மட்டமாக இருக்க வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கும் ஒரு சொல். தேர்ந்த ஆட்டக்காரர்கள் விரும்புவது நடுவில் மிக லேசாக, ஒரு மில்லிமீட்டரை ஒட்டித் தாழ்ந்த பரப்பைத்தான். அந்தச் சிறு குழிவு வில்லையை, பலகையைச் சுற்றியுள்ள பள்ளமான ஓடைக்குள் விழாமல் நடுவை நோக்கி அணைத்துக்கொள்ளும். குழிவைக் கண்டவுடன் உப்புத்தாளை எடுத்துத் தேய்க்கத் தொடங்கிவிடாதீர்கள். தேய்த்த எபாக்சியை மறுபடி ஊற்றுவதற்கு ஆகும் பணத்தில் நல்ல வில்லைகள் இரண்டு கட்டு வாங்கலாம்.

ஓடையைப் பற்றி யாரும் கேட்பதே இல்லை. எனக்கோ அதுவே பெரிய கவலை. பலகையைச் சுற்றியுள்ள ஓடை ஆழம் குறைவாக இருந்தால், வேகமாக வரும் எஃகு வில்லை எகிறித் தரையிலோ காலிலோ விழும். 350 கிராமை ஒட்டிய எடையுள்ள அந்த வில்லை கால்விரலில் விழுந்தால் என்ன ஆகும் என்று நான் விளக்கத் தேவையில்லை. ஓடை வில்லையின் உயரத்தைப்போல் சில மடங்கு ஆழமாகவும், விரல்கள் சிக்காமல் உள்ளே போய் எடுத்துவரும் அகலத்தோடும், அடியில் கம்பளம் விரித்தும், முனைச் சுவரில் மெத்தை வைத்தும் இருக்க வேண்டும். ஓடையின் அகலத்தை முடிவுசெய்யும்போது நான் முன்பு சொன்ன 5 மில்லிமீட்டரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஈரக் காலத்தில் விரியும் பலகை ஓடையின் அகலத்தைக் குறைத்துவிடும்.

கம்பளம் ஓசையை அடக்குவதோடு பவுடரையும் பிடித்துவைக்கும். ஷஃபிள்போர்டுப் பவுடர் என்பது சிலிகோன் பூசிய நுண்மணிகள். வில்லைக்கு உருளைகளாக உதவும் அதே மணிகள் வழவழப்பான தரையில் சிந்தினால் நம் காலுக்கும் உருளைகளாகும். ஆட்டம் முடிந்து எழுந்து வந்த ஒரு பெரியவர் சறுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்ட வீட்டுக்கு நான் போயிருக்கிறேன். அந்த மேசையில் ஓடைக்கு முனைச் சுவரே வைக்கவில்லை. மேசையைச் சுற்றிப் பின்புறம் ரப்பர் ஒட்டிய விரிப்புப் போடுங்கள். ஆட்டம் முடிந்ததும் பவுடரைத் தரையில் தட்டாமல் ஓடைக்குள் தள்ளித் தூசி உறிஞ்சியால் எடுங்கள். மேலும் மேலும் கொட்டினால் வேகம் கூடாது, வளைந்த பலகையும் நிமிராது.

வெயில் விழும் சன்னலோரத்தில் மேசையைப் போட்டால் எபாக்சி மஞ்சளிக்கும். ஈரத் துணி, தண்ணீர்க் குவளை இரண்டையும் பலகையின் பக்கமே கொண்டுவராதீர்கள்.

புதிதாகச் செய்யக் கொடுக்கப் போகிறவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். மேற்பரப்பின் பளபளப்பைப் பார்த்து முன்பணம் கொடுத்துவிடாமல், அவர் ஏற்கெனவே செய்த ஒரு மேசையின் அடியில் ஐந்து நிமிடம் படுத்துப் பார்த்துவிட்டு வாருங்கள். நீண்ட துளைகளும், பூச்சுக் கொடுத்த அடிப்பரப்பும், கையெட்டும் இடத்தில் சீராக்கியின் நட்டும் தெரிந்தால் கொடுங்கள்.