வேலை விலகல் கடிதத்தை இரவு வேலையில் எழுதாதீர்கள்

சென்ற சனிக்கிழமை மாலை, மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என் வீட்டு வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. சக்கரத்தில் செம்பனைத் தோட்டத்துச் செம்மண் அப்பியிருந்தது. தந்தைக்குப் பின்னால் உட்கார்ந்து வந்த பெண்ணுக்கு இருபத்து மூன்று வயது. தாதிமை டிப்ளோமா முடித்து, பட்டணத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்ந்து ஐந்து மாதங்கள் ஆகின்றன. கையில் ஓர் உறை வைத்திருந்தாள். அதற்குள் என்ன இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. தைப்பூசத்திலிருந்து என் வீட்டுக்கு வரும் நான்காவது உறை அது.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் வார்டிலும் பயிற்சி வகுப்பிலும் நின்றவள் நான். எங்கள் பக்கத்தில் தாதியை இன்றும் மிஸி என்றுதான் அழைப்பார்கள். ஓய்வு பெற்ற பிறகும் நான் மிஸிதான். அதனால்தான் இந்தப் பிள்ளைகளைத் தேடிப்பிடித்து என்னிடம் அனுப்புகிறார்கள். வருகிறவர்களில் பாதிப் பேரைப் பெற்றோர் அனுப்புவது, "இவளுக்குப் புத்தி சொல்லுங்கள்" என்று. மீதிப் பேர், "நான் விலகுகிறேன் என்று வீட்டில் நீங்கள் சொல்லுங்கள்" என்று கேட்க வருகிறார்கள். இரண்டையும் நான் செய்வதில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் அதே பேச்சைப் பேசி அலுத்துவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

அந்தப் பெண்ணின் கதை நீளமில்லை. அவள் பார்த்துக்கொண்ட முதியவர் விடியற்காலையில் இறந்துவிட்டார். செய்ய வேண்டியதையெல்லாம் செய்து, உடலைத் துடைத்து, குடும்பத்தாரிடம் ஒப்படைத்துவிட்டு, அழுக்குத் துணி அறைக்குள் போய் அழுதிருக்கிறாள். மூத்த தாதி ஒருவர் பார்த்துவிட்டு, "இப்படி அழுகிறவளுக்கு மிஸி வேலை எதற்கு? வேறு வேலை பார்" என்றாராம். அந்தச் சொல்தான் உறைக்குள் கடிதமாக உட்கார்ந்திருந்தது.

இந்த ஒரு சொல்லால் எத்தனை நல்ல தாதிகளை இழந்திருக்கிறோம்! அழுதால் இந்தத் தொழிலுக்கு ஏற்றவள் இல்லை என்று யார் சொன்னது? எந்தப் பாடத்தில் இருக்கிறது? நான் வார்டில் சேர்ந்த முதல் ஆண்டில் எத்தனை முறை அழுதேன் என்று எனக்குக் கணக்கில்லை. என்னோடு படித்தவர்களில் நான் மிகவும் மதிக்கும் ஒருத்தி, தீவிரச் சிகிச்சைப் பிரிவில் இருபது ஆண்டுகள் இருந்தவள், குழந்தை இறந்த நாளெல்லாம் அழுதாள். அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போவாள். மருந்தின் அளவை அவள் ஒருநாளும் தவறவிட்டதில்லை. அழுகை பயிற்சியின் குறையும் அல்ல, மனத்தின் கோளாறும் அல்ல. நேற்றுவரை உங்களிடம் தண்ணீர் கேட்ட மனிதர் இன்று இல்லை. அதற்கு அழாமல் வேறென்ன செய்வது?

இந்தத் தொழிலை விட்டுப் போக வேண்டிய அடையாளம் ஒன்று உண்டு. அது அழுகை அல்ல. நோயாளியின் தலைமாட்டு அட்டையில் மூச்சு எண்ணிக்கையைப் பாருங்கள். முழு ஒரு நிமிடம் நெஞ்சின் ஏற்ற இறக்கத்தைப் பார்த்து எண்ண வேண்டிய ஒன்று அது. ஓய்வாக இருக்கும் பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை இயல்பு. உடல்நிலை மோசமாகும்போது பல நேரம் முதலில் மாறுவது இந்த எண்தான். ஆனால் அட்டையில் காலை 20, மதியம் 20, இரவு 20 என்று கட்டில் கட்டிலாக ஒரே எண் ஓடும். முந்திய வேளையில் எழுதியதைப் பார்த்து எழுதியது அது. எண்ணாமலே எழுத ஒரு கை பழகிவிட்டால், அது உறுத்தாமலும் போய்விட்டால், அந்தக் கைக்கு வேறு இடம் வேண்டும். ஆளில்லாத வார்டில் ஓடி ஓடிச் சலித்ததால் அப்படி ஆகியிருக்கலாம். அப்போது மாற வேண்டியது வார்டாகவும் இருக்கலாம். எதுவானாலும் அந்த நிலையில் அப்படியே தொடரக்கூடாது.

நான் அந்தப் பெண்ணிடம் கேட்டேன்: "கடைசியாக ஒரு நிமிடம் முழுதாக மூச்சு எண்ணியது எப்போது, மா?" அவள் திகைத்துப் பார்த்தாள். "எல்லாருக்கும் எண்ணுகிறேனே மிஸி. அதனால்தான் என் வேலை நேரத்துக்குள் முடியவில்லை என்று திட்டுகிறார்கள்."

சரி, அழுகையை விடுவோம். விலக வேண்டும் என்று நினைக்கிறவர்கள் எதிலிருந்து விலக நினைக்கிறார்கள் என்று பிரித்துப் பார்ப்பதே இல்லை. நோயாளியின் உடலைத் தொடுவதே ஒப்பவில்லையா? அந்த வார்டு ஒப்பவில்லையா? அல்லது வீட்டுக்குப் போகும் வழியா? சிரிக்காதீர்கள். மதிய வேலை முடியும்போது இரவு ஒன்பது மணி. அதன் பிறகு தோட்டத்துக்குள் போக எந்த பஸ் இருக்கிறது? விளக்கில்லாத செம்பனைச் சாலையில் தந்தை வந்து காத்திருக்க வேண்டும். அந்தத் தந்தையோ மறுநாள் விடிவதற்குள் தோட்டத்தில் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, நிற்க வேண்டியவர். சில மாதங்களில், "அப்பாவைக் கொல்கிறேன்" என்ற குற்றவுணர்வு பிள்ளைக்கு வந்துவிடும். வீட்டில் அதைச் சொல்ல முடியாமல், "எனக்கு இந்த வேலை பிடிக்கவில்லை" என்பாள். மருத்துவமனைக்குப் பக்கத்தில் இரண்டு தோழிகளோடு ஓர் அறை எடுத்தால் தீர்ந்துவிடும் சங்கடம் அது. பெற்றோரே, கல்யாணமாகாத பெண் தனியே தங்கக்கூடாது என்று அதையும் நீங்களே மறித்துவிடுகிறீர்கள். இரவு முழுக்க இருபது நோயாளிகளின் உயிரை ஒப்படைக்கலாம், ஓர் அறைச் சாவியை ஒப்படைக்கக் கூடாதா?

வார்டு ஒப்பவில்லை என்றால் வார்டுக்கு வெளியேயும் தாதி வேலை இருக்கிறது. இதைச் சொன்னால் புதிதாகக் கேட்பதுபோல் பார்க்கிறார்கள். சுகாதாரக் கிளினிக், அறுவை அறை, கண் பிரிவு, தொற்றுத் தடுப்பு, தொழிற்சாலைத் தாதி, வலி தணிப்புப் பராமரிப்பு. பேறுகாலம், சிறுநீரகம், தீவிரச் சிகிச்சை என்று டிப்ளோமாவுக்குப் பிந்திய சிறப்புப் பயிற்சிகளும் உண்டு. ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை ஆகும். டயாலிசிஸ் மையங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். 2019ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. நம் தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் கால் விரல் எடுக்கப்பட்ட தாத்தாக்களை நீங்களே பார்த்திருப்பீர்கள். சிறுநீரகம் கெட்ட பிறகு வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு கிடக்க வேண்டும். அதனால் சிறிய பட்டணங்களிலும் மையங்கள் வந்துவிட்டன. பெரும்பாலும் பகல் வேலை. அதே நோயாளிகள் ஆண்டுக்கணக்கில் வருவார்கள். தமிழில் பேச ஒரு மிஸி கிடைத்தால் அந்தப் பாட்டிகள் முகம் மலர்வதைப் பார்க்க வேண்டும்.

போக வேண்டியவர்களும் இருக்கிறார்கள். அவர்களை நான் தடுத்ததில்லை. என் மாணவன் ஒருவன் நோயாளியைவிட மருந்து செலுத்தும் இன்ஃபியூஷன் பம்பையே அதிகம் கவனித்தான். திறந்து பார்க்க அவன் கை துறுதுறுத்தது. இரண்டாம் ஆண்டில் அவனே விலகி, மருத்துவக் கருவிகளைப் பழுதுபார்க்கும் படிப்புக்குப் போனான். இன்று மருத்துவமனைகள் அவனைக் கூப்பிடுகின்றன. இன்னொருத்தி கணக்கியல் கேட்டாள். பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடிவு வந்த வாரமே தாதிமைக் கல்லூரி விண்ணப்பத்தில் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். "மூன்று ஆண்டுதானே, முடித்துவிடு" என்றார்கள். முடித்தாள், தேர்வும் எழுதித் தேறினாள். ஒருநாள்கூட வேலை செய்யவில்லை. கல்விக் கடன் மட்டும் நிற்கிறது. முதல் பருவத்திலேயே அவள் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டிருந்தால் இழப்பு சில ஆயிரம் வெள்ளியோடு போயிருக்கும்.

தங்கள் லயத்தில் வெள்ளைச் சீருடை காய வேண்டும் என்ற ஆசை எனக்குப் புரியாததல்ல. என் அம்மாவும் அதைக் கொடியில் முன்பக்கமாகத்தான் காயப்போட்டார். ஆனால் அந்தச் சீருடையை அணிந்துகொண்டு நிற்பவள் உங்கள் மகள்.

இனி நேராகச் சொல்கிறேன். இரவு வேலை வரிசைக்கு நடுவில் எந்த முடிவும் எடுக்காதீர்கள். விடியற்காலை நான்கு மணிக்கு உடல் வெப்பம் தாழ்ந்து, மூளை தூக்கத்துக்கு ஏங்கும் நேரத்தில் உலகமே இருட்டாகத்தான் தெரியும். இரண்டு ஓய்வு நாள் நன்றாகத் தூங்கி எழுந்து, சாப்பிட்டுவிட்டு அந்தக் கடிதத்தை மறுபடி படியுங்கள். அப்போதும் அதே எண்ணம் என்றால் அது உங்கள் எண்ணம்தான்.

விலகுவதற்கு முன் வார்டு மாற்றம் எழுத்து மூலம் கேளுங்கள். வாயால் கேட்டேன், கொடுக்கவில்லை என்று என்னிடம் வந்து சொல்லாதீர்கள். இரவில் தூக்கமே வராமல், சாப்பாடு இறங்காமல், செத்துவிடலாம் என்று தோன்றினால் மட்டும் வார்டு மாற்றத்துக்கெல்லாம் காத்திருக்காதீர்கள். அன்றே மருத்துவரைப் பாருங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

விலகினாலும் தாதியர் வாரியத்தின் வருடாந்தரத் தொழில் சான்றிதழை உடனே கைவிடாதீர்கள். 1950ஆம் ஆண்டுத் தாதியர் சட்டப்படி அது இல்லாமல் இந்தத் தொழிலைச் செய்ய முடியாது. ஒரு கடையில் கணக்கெழுதப் போன பெண் இரண்டு ஆண்டு கழித்துத் திரும்பி வர நினைத்து அலைந்த அலைச்சலை நான் பார்த்தேன். அரசின் பி.டி.பி.டி.என். உயர்கல்விக் கடன் வாங்கியிருந்தால், படிப்பைப் பாதியில் விட்டாலும் அதுவரை வாங்கியதைக் கட்டியாக வேண்டும். மருத்துவமனையே படிக்க வைத்திருந்தால் ஒப்பந்தம் இருக்கும். வேலை செய்த மாதங்களுக்கு ஏற்பத் தொகை குறையும் ஒப்பந்தமும் உண்டு, குறையாததும் உண்டு. படிக்காமல் தெரியாது. ஜாமீன் கையெழுத்துப் போட்டவர் பெரும்பாலும் ரப்பர் மரத்தில் பால் வெட்டியோ செம்பனைக் குலை அறுத்தோ பிழைக்கும் தந்தை. இதையாவது நினைவில் வையுங்கள்.

அன்று அவள் முகம் கழுவ உள்ளே போனபோது, வாசலிலேயே நின்றிருந்த தந்தை என்னிடம் மெல்லக் கேட்டார்: "இவள் இருக்கலாமா, விலகலாமா, மிஸி?"

"நீங்கள் ஜாமீன் போட்ட கடிதம் எங்கே இருக்கிறது, அண்ணே?"

அவர் மோட்டார் சைக்கிளின் இருக்கையைத் தூக்கி, பிறப்புப் பத்திரங்களோடு பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருந்ததை எடுத்தார். கேட்பேன் என்று தெரிந்தே கொண்டுவந்திருக்கிறார். மூவரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம். முழுக்க ஆங்கிலம். அவள் முதல் பக்கத்திலிருந்து வரி வரியாகப் படித்து அவருக்குத் தமிழில் சொன்னாள். நான்கு ஆண்டுகளுக்கு முன் எதில் கையெழுத்துப் போட்டோம் என்பதை அவர் அன்றுதான் கேட்டார்.