தாத்தாவின் பெட்டியில் பழைய ரிவால்வர்: முதலில் உரிமப் புத்தகம், பிறகுதான் விலை

பெரியவர் காலமாகிச் சில மாதங்கள் கழித்து டிரங்குப் பெட்டியைத் திறக்கிறார்கள். எண்ணெய்த் துணியில் சுற்றிய ரிவால்வர் ஒன்று அடியில் கிடக்கிறது. ராணுவத்தில் இருந்தவர்கள், எஸ்டேட்டில் வேலை பார்த்தவர்கள் வீடுகளில் இப்படி நடப்பதுண்டு. "இது எந்தக் காலத்துது, என்ன விலைக்குப் போகும்?" என்றுதான் எல்லோருக்கும் முதலில் கேட்கத் தோன்றும். அதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியது வேறு.

பெட்டியில் இருப்பதை அப்படியே விடுங்கள். விசையை இழுத்துப் பார்ப்பதும், குழந்தைகளிடம் காட்டுவதும் வேண்டாம். உள்ளே தோட்டா இருக்கலாம். பழசானதால் வெடிக்காது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. அறையைப் பூட்டிவிட்டு, பெரியவரின் உரிமப் புத்தகத்தைத் தேடுங்கள். தயாரிப்பாளர் பெயர், துளை அளவு (குழலின் உள்விட்டம், அங்குலத்தில்), தொடர் எண் எல்லாம் அதில் எழுதியிருக்கும். பாதி அடையாளம் அங்கேயே கிடைத்துவிடும்.

1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, உரிமம் என்பது ஆளுக்குத் தரப்படுவது. பெரியவரோடு அது முடிந்தது. எந்தக் காரணத்தால் ஒரு துப்பாக்கியை வைத்திருப்பது சட்டப்படி செல்லாமல் போனாலும், தாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற துப்பாக்கி வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும் என்கிறது 21ஆவது பிரிவு. தோட்டாக்களுக்கும் இதே விதி. ஒப்படைப்பதால் உரிமை போய்விடாது. குறிப்பிட்ட காலத்துக்குள் உரிமம் வாங்கித் திரும்பப் பெறலாம், தகுதியுள்ளவருக்கு விற்கவும் செய்யலாம். அந்தக் காலம் கடந்தால்தான் அரசுடைமையாகும். தடைசெய்யப்படாத சாதாரண வகைத் துப்பாக்கியை உரிமமின்றி வைத்திருந்தாலே 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறையும் அபராதமும் உண்டு. "ஞாபகார்த்தமாக வைத்திருந்தோம்" என்ற பதில் நீதிமன்றத்தில் எடுபடாது.

துப்பாக்கியை நீங்களே பையில் வைத்து எடுத்துப் போக வேண்டாம். நிலையத்துக்குத் தகவல் சொல்லுங்கள், எழுத்திலும் கொடுங்கள். எப்போதுமே உரிமம் இல்லாத துப்பாக்கி என்று தெரிந்தால், முதலில் வழக்கறிஞர் ஒருவரைப் பார்த்துவிடுங்கள்.

இனி அடையாளம். நம் ஊர் வீடுகளில் அகப்படும் பழைய ரிவால்வர்களில் பிரிட்டிஷ் ராணுவ வகைகள் உண்டு. வெப்ளி மார்க் 6 என்பது 1915இல் ராணுவம் ஏற்றது. கனமானது, 6 அங்குலக் குழல், .455 துளை. பூட்டை விடுவித்தால் நடுவில் மடிந்து திறக்கும். என்ஃபீல்டு நம்பர் 2 என்பது 1930களில் வந்த .380. அதன் உடலிலேயே என்ஃபீல்டு என்ற பெயரும் ஆண்டும் பொறித்திருக்கும். 1938இல் வந்த மாற்றத்துக்குப் பிறகு அதன் சுத்தியலில் (தோட்டாவை அடித்து வெடிக்கவைக்கும் பாகம்) கட்டைவிரல் வைக்கும் கொக்கி கிடையாது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவிலிருந்து வந்த ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 'விக்டரி' வகையில் தொடர் எண் 'வி' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும். அம்புக்குறி முத்திரை இருந்தால் அது ஒரு காலத்தில் பிரிட்டிஷ் அரசின் சொத்து.

துளை அளவில்தான் பலருடைய கணக்கு தப்பிப்போகிறது. 2016 ஆயுத விதிகளின் முதல் அட்டவணைப்படி, .380 அல்லது .455 விளிம்புத் தோட்டாவை (அடிப்பகுதியில் விளிம்பு உள்ளது) போட்டுச் சுடக்கூடிய ரிவால்வர் எதுவானாலும் தடைசெய்யப்பட்ட துளை வகையில் சேரும். அதற்கு உரிமம் தருவது மாவட்ட ஆட்சியர் அல்ல, மத்திய உள்துறை அமைச்சகம். மேலே சொன்ன மூன்றும் அந்த வகைக்குள் வரக்கூடியவை. அதே காலத்து .32 ரிவால்வர் என்றால் சாதாரண வகை. மாவட்டத்தில் ஆட்சியர், சென்னை போன்ற நகரங்களில் காவல் ஆணையர் என்று இங்கேயே முடிந்துவிடும். .38 என்ற பெயரில் பல தோட்டாக்கள் இருப்பதால், ஸ்கேலை வைத்து அளந்து நீங்களே முடிவு செய்யாதீர்கள். விஷயம் தெரிந்த ஆயுதப் பழுதுபார்ப்பவரோ, உரிமம் பெற்ற வியாபாரியோ சொல்லட்டும்.

விலையும் இதைப் பொறுத்ததே. தொடர் எண்கள் உடல், குழல், சிலிண்டர் (தோட்டாக்கள் செருகும் உருளை) மூன்றிலும் ஒத்துப்போவது, பழைய பூச்சு கலையாமல் இருப்பது, அசல் கைப்பிடி, கூட வந்த தோல் உறை, வாங்கிய ரசீது எல்லாம் மதிப்பைக் கூட்டும். பளபளப்பாக்குகிறேன் என்று உப்புத்தாளால் தேய்த்தால் முத்திரையும் போகும், விலையும் போகும். ஆனால் எவ்வளவு அரிய பொருளானாலும், அந்தத் துளைக்கு உரிமம் உள்ளவர்தான் வாங்க முடியும். .455க்கு அப்படிப்பட்டவர் மிகச் சிலர். அதனால் வெளிநாட்டு ஏல விலையைப் பார்த்து மனக்கணக்குப் போடுவதில் பயனில்லை. தனியாருக்கு விற்பதானால் வாங்குபவர் பெயர், முகவரியோடு மாவட்ட நிர்வாகத்துக்கோ காவல் நிலையத்துக்கோ எழுதிக்கொடுத்து, 45 நாள் கழிந்த பிறகே கை மாற்ற வேண்டும்.

"நூறு வருஷத்துப் பொருள், உரிமம் வேண்டாம்" என்று சிலர் சொல்வார்கள். சட்டத்தின் 45ஆவது பிரிவு விலக்களிப்பது, பழுதுபார்த்தாலும் சுட முடியாத பழம்பொருளுக்கு. நன்றாக இயங்கும் வெப்ளி வயதை மட்டும் காட்டி அதில் நுழைய முடியாது.

குடும்பத்தில் ஒருவர் வைத்துக்கொள்ள விரும்பினால் 2016 ஆயுத விதிகளின் 25ஆவது விதி வழி தருகிறது. உரிமதாரர் இறந்தபின் சட்டப்படியான வாரிசுக்கு உரிமம் வழங்கலாம். உயிரோடு இருக்கும்போதே, அவருக்கு 70 வயதானாலோ துப்பாக்கியை 25 ஆண்டு வைத்திருந்தாலோ, தாமே ஒரு வாரிசை நியமிக்கலாம். பெரியவர்கள் இருக்கும் வீடுகளில் இதை இப்போதே பேசி முடிப்பது நல்லது. பின்னால் அண்ணன் தம்பிக்குள் வரும் மனக்கசப்பு மிச்சம். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் ஆட்சேபனையில்லாக் கடிதம், மருத்துவச் சான்று, பாதுகாப்புப் பயிற்சிச் சான்று இவற்றைத் தயாராக வைத்திருங்கள். காவல்துறை விசாரணை நடக்கும். வாரிசாக வந்ததையும் சேர்த்து ஒருவருக்கு 2 துப்பாக்கிக்கு மேல் கிடையாது. உரிமம் 5 ஆண்டுக்குச் செல்லும்.

ஒப்படைக்கும்போது வாங்கும் ரசீதில் 'பழைய ரிவால்வர் ஒன்று' என்று மட்டும் எழுத விடாதீர்கள். தயாரிப்பாளர், துளை, தொடர் எண், தோட்டாக்களின் எண்ணிக்கை, உறை இருந்தால் அதுவும் எழுதி, தேதியும் முத்திரையும் போட்டு வாங்குங்கள்.